சிவப்புக் கோட்டுக்கு மேலே ஓர் இடம்

1

இந்தக் கதை ஒரு வினாக்கொத்தின் பின்பக்கத்தில் எழுதப்படுகிறது. அழகுக்காகச் சொல்லவில்லை, வேறு தாள் இல்லை. 1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி, மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, நானும் என் மனைவி பூரணமும் ஆளுக்கொரு பையோடு நடந்தோம். அவளுடைய பையில் அரிசி, உடுப்பு, மருந்து. என்னுடையதில் என் ஆராய்ச்சி. ‘பணியாளரின் வேலை–குடும்பச் சமநிலையும் நலவாழ்வும்’ என்று போன வருடம் எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கிய ஆய்வின் மிச்ச வினாக்கொத்துகள், நூற்றுச் சொச்சம்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், ஐந்து குடும்பங்களுக்கு நடுவே என் பையை அவிழ்த்த பூரணம் ஒரு கட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “தண்ணி சுடவைக்க ஒரு கேத்தில் எண்டாலும் கொண்டு வந்திருக்கலாம். உந்தக் கடதாசியைக் கரைச்சே குடிக்கிறது?”

(நியாயமான கேள்வி. என் வினாக்கொத்தில் நாற்பது கேள்விகள் இருந்தன, இது இருக்கவில்லை.)

எழுதத் தாள் புரட்டியபோது, நிரப்பப்பட்ட ஒன்று வெற்றுத் தாள்களுக்கு நடுவே அகப்பட்டது. குணலட்சுமி என்று ஓர் அரசாங்க ஊழியை எழுதியது, செல்லாதென்று நான் ஒதுக்கி வைத்தது. அதிலிருந்துதான் கதை தொடங்குகிறது. தொடங்குகிறது என்று சொல்கிறேனே தவிர, இதுவரை நான்கு தடவை தொடங்கிக் கிழித்தாயிற்று.

2

‘அதிகாலை எழுந்த குணலட்சுமி சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் புற—’

பூரணம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “ஆர் சமைச்சது?” என்றாள்.

எழுத்தாளனுக்கு எரிச்சல் வருமா, வராதா? ஆனால் என் வசனத்தில் அடுப்பே இல்லை. ஆகவே மறுபடியும்.

2 (திரும்ப)

குணலட்சுமி நாலு மணிக்கு எழும்புவாள். விறகு ஈரமென்றால் அதற்கும் முன்னர். புட்டு அவித்து, ஒரு கறி வைத்து, நாலு வயது மகளுக்கு மருந்து கொடுப்பாள். பிள்ளைக்கு முட்டு, பனிக்காலத்தில் மூச்சு இழுத்து இழுத்து வரும். கணவனுக்கு வவுனியாவில் வேலை. தரைப்பாதை மூடியிருந்ததால் அவன் வரவேண்டுமென்றால் படகில் கடல்நீரேரி கடக்கவேண்டும், அதற்கு முன் பாஸ் என்ற பயண அனுமதி எடுக்கவேண்டும். வருடத்தில் இரண்டு தடவை வந்தால் பெரிய காரியம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விடுவது சும்மா லேசில்லை. அது சேலையைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தப் பிடியைக் கழற்ற எடுக்கும் பத்து நிமிடம் நாள் முழுக்க அவளைத் துரத்தும்.

பிறகு பன்னிரண்டு மைல் சைக்கிள். சாவகச்சேரியிலிருந்து கைதடி, கோப்பாய், உரும்பிராய், அதற்கப்பால் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் கிளை அலுவலகம். வானத்தில் குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு மதகுக்குக் கீழே குந்தவேண்டும். அது எத்தனை நிமிடம் என்பதை விமானமோட்டிதான் முடிவு செய்வான்.

அலுவலகத்தில் வரவு இடாப்பு, வருகைப் பதிவேடு. அதன் பக்கத்தில் தலைமை எழுத்தரான பிரதம இலிகிதர் கனகசபாபதியும் அவருடைய சிவப்புப் பேனாவும். எட்டே முக்காலுக்கு அவர் கடைசிக் கையொப்பத்துக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு கீறுவார். அதற்குப் பிறகு வருகிறவர் கோட்டுக்குக் கீழேதான் கையொப்பம் வைக்கவேண்டும். இலங்கையில் அரசாங்க வேலை செய்த எவருக்கும் இந்தக் கோட்டை விளக்கத் தேவையில்லை. கனவிலும் அது வரும்.

“கோடு நான் கீறுறதில்லைத் தங்கச்சி,” என்று ஒருநாள் குணலட்சுமியிடம் சொன்னாராம். “மணிக்கூடு கீறுது. நான் பேனையைப் பிடிக்கிறன், அவ்வளவுதான்.”

குணலட்சுமி சாவகச்சேரிக் கிளைக்கு இடமாற்றம் கேட்டிருந்தாள். கிடைத்தால் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். விண்ணப்பத்துக்குக் கனகசபாபதியின் சிபார்சு வேண்டும். அடிக்கடி கோட்டுக்குக் கீழே வைக்கிறவரைச் சிபார்சு செய்ய விதி இடம் கொடாது. தூரத்தால் பிந்துகிறாள், பிந்துவதால் தூரத்தைக் குறைக்க முடியாது. இதை வாசிக்கும்போது உங்களுக்குச் சுவரில் தலையை மோதவேண்டும் போலிருந்தால், உங்கள் நலவாழ்வு பாதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வு அப்படித்தான் சொல்லும்.

3

இந்த இடத்தில் நான் கதைக்குள் வருகிறேன். வராமல் இருந்திருக்கலாம்.

என் வினாக்கொத்து ஏதோ ஒரு குளிர் தேசத்தில் செய்தது, நான் தமிழாக்கினேன். பதினொன்றாம் கேள்வி: ‘வேலைக்கு வரும் வழியில் உங்கள் மன அழுத்தத்துக்குக் காரணம்: (அ) வாகன நெரிசல் (ஆ) வாகனம் நிறுத்த இடமின்மை (இ) வேறு.’ பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணால் காணாத ஊரில் இதைக் கேட்டேன். குணலட்சுமி ‘இ’க்கு வட்டம் போட்டுப் பக்கத்தில் ‘பொம்மர்’ என்று எழுதியிருந்தாள்.

பெயர் எழுதவேண்டாம், கையொப்பம் வேண்டாம், உண்மையை மட்டும் எழுதுங்கள், முடிவுகளைத் திணைக்களத் தலைவருக்கு அனுப்புவேன் என்று அவளுடைய அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பேசினேன். தாள்களைக் கொடுத்துவிட்டு, ஒரு கிழமை கழித்து வாங்க வருவதாகச் சொல்லிப் போனேன்.

ஒரு கிழமையில் நடந்தது என்னவென்றால், எங்கள் சனம் எதையும் மேலதிகாரி ஊடாக அனுப்பிப் பழகிய சனம். இருபத்தாறு பேரும் நிரப்பிய தாளைக் கனகசபாபதியிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் வாசித்து, ‘ஊடாக அனுப்பப்படுகிறது’ என்று எழுதி, இறப்பர் முத்திரை குத்தி, திகதியும் போட்டு வைத்திருந்தார். அவர் வாசிப்பார் என்று தெரிந்த இருபத்தைந்து பேரும் அநேகமாக எல்லாவற்றுக்கும் ‘மிகவும் திருப்தி’.

குணலட்சுமி ஒருத்திதான் உள்ளதை எழுதினாள். ‘உங்கள் மேலதிகாரி உங்கள் குடும்பப் பொறுப்புகளைப் புரிந்துகொள்கிறாரா?’ என்ற கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’. கீழே, ‘ஐயா, மேலிடத்துக்குக் காட்டுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன்’ என்று தொடங்கி, பிள்ளையின் முட்டு, பன்னிரண்டு மைல், இடமாற்றம் எல்லாம். அதற்கும் கீழே முழுப்பெயர், பதவி, கையொப்பம். யாருடைய கஷ்டம் என்று தெரியாமல் மேலிடம் எப்படி உதவி செய்யும் என்று நினைத்திருப்பாள். சரிதானே?

தாளைக் கொடுத்த அன்று கனகசபாபதி அவளைக் கூப்பிட்டார். அவள் மேசையடியில் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, “இதிலை பிழை இருக்குப் பிள்ளை,” என்றார். “திகதி போடேல்லை.”

அவ்வளவுதான். அவர் வஞ்சகர் இல்லை. வஞ்சகராக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவது எவ்வளவு சுலபம்.

4

வஞ்சகன் இல்லாத கதைக்கு ஒரு மடையன் தேவைப்படுகிறது. நான் இருக்கிறேன்.

இருபத்தைந்து பொய்களைக் கூட்டிப் பிரித்து, பணியாளரின் திருப்தி ஐந்துக்கு நாலு தசம் ஏழு என்று கண்டுபிடித்தேன். குணலட்சுமியின் தாளில் பெயர் இருந்தது. பெயர் எழுதியவை செல்லா. நான் வகுத்த விதி. அவளுடையதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். திணைக்களத் தலைவருக்கு முடிவுகளை அனுப்பினேன். அவர் மகிழ்ச்சி தெரிவித்துக் கடிதம் போட்டார். இடமாற்றம் வரவில்லை.

(இங்கே ஒரு மன்னிப்பு வசனம் எழுதி வெட்டிவிட்டேன். அதில் என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.)

5

முடிவுகள்.

முதலாவது: தலைவர் தாளைத் தேடி எடுத்து, கண் கலங்கி, இடமாற்றம் கொடுக்கிறார். பூரணம் வாசித்துவிட்டு, “உங்களுக்கு அப்பிடி ஒரு தலைவரைத் தெரியுமோ?” என்றாள். வெட்டினேன்.

இரண்டாவது: குணலட்சுமி வேலையை உதறிவிட்டு— பூரணம் முழுக்க வாசிக்கவும் இல்லை. “சம்பளம் இல்லாமல் பிள்ளைக்கு மருந்து?”

மூன்றாவதை நான் எழுதவில்லை. நேற்றுச் சங்கக்கடையின் அரிசி வரிசையில் எனக்கு முன்னால் நின்றது. கனகசபாபதி. மெலிந்திருந்தார், சேர்ட் பையில் சிவப்புப் பேனா அப்படியே இருந்தது. இடம்பெயர்ந்தபோது இடாப்பையும் கோப்புகளையும் தலையில் வைத்து நடந்தாராம். அலுவலகம் இப்போது சாவகச்சேரியில், ஒரு வாசிகசாலையின் விறாந்தையில் நடக்கிறதாம். அவள் கேட்ட இடமாற்றம்! வலிகாமமே எழுந்து நடந்துதான் அது கிடைக்கவேண்டியிருந்தது. நிரந்தரமும் இல்லை, அலுவலகம் திரும்பிப் போனால் மறுபடி பன்னிரண்டு மைல்.

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்கடை குணலட்சுமி வீட்டிலை. பதினேழு பேர் இருக்கிறம். நல்ல பிள்ளை, ஒரு குறையும் வைக்கேல்லை. நான் எட்டுக்கு வெளிக்கிட முதல் தேத்தண்ணியும் சாப்பாடும் வந்திடும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா இப்பவும் பிந்தித்தான் வாறா. அஞ்சு நிமிச நடை. காரணம் விளங்கேல்லை.”

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர் தள்ளினார்.

அவர் இரக்கமும் காட்டியிருக்கிறார். இந்த மாதத்தின் மிச்ச நாள்களில் கோட்டுக்கு மேலே வைத்தால் நிரந்தர இடமாற்றத்துக்குச் சிபார்சு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒருக்கால் கீழே போனால் தன்னால் ஏலாதாம். நாளைக்குக் கடைசி நாள்.

6

வினாக்கொத்தின் பின்பக்கத்தில் நாளை.

குணலட்சுமி கிணற்றடியில் நிற்கிறாள். வாளிக்கு வரிசை. கனகசபாபதியின் மனைவிக்குச் சுடுதண்ணீர், யாரோ ஒருவருடைய பிள்ளைக்குப் பால், தன் பிள்ளைக்கு மருந்து. கனகசபாபதி சாப்பிட்டுக் கைகழுவி, “கெதியா வாங்கோ பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் படலையைத் தாண்டுகிறார். அவள் சேலையைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். ஓடுகிறாள். விறாந்தையில் இடாப்பு திறந்திருக்கிறது. அடிமட்டம் வைத்தாயிற்று. பேனா—

பூரணம் தண்ணீர் வாளியோடு வகுப்பறை வாசலில் நிற்கிறாள். ஒரு மணிநேரம் வரிசையில் நின்ற முகம். “இதை இறக்கிவிட உங்களுக்கு எழும்ப ஏலுமோ, இல்லைக் கதை முடியவேணுமோ?” என்கிறாள்.

எழும்புகிறேன். இடாப்பை உங்களிடம் விட்டுப் போகிறேன். அவளுடைய கையொப்பத்தை நீங்கள் வையுங்கள், மேலேயோ கீழேயோ.

.....................................

(சிவப்புக் கோடு)

.....................................

உங்கள் பெயரை எழுதவேண்டாம். எழுதினால் செல்லாது.