ஞாயிற்றுக்கிழமைப் பல்செட்டு

அவள் பல்செட்டுச் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, முதலில் மெழுகில் பல் அடுக்கி, பிறகு இளஞ்சிவப்பு ஈறு வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். ஒரு செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் லேப். பதினாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். இத்தனை வருடத்தில் தான் செய்த பல்லை ஒருவர் வாயிலும் அவள் பார்த்ததில்லை. அச்சு டப்பாவில் வரும், பல் டப்பாவில் போகும். கூடவே ஒரு சீட்டு இருக்கும்: பெண், 62, மேலும் கீழும், நிறம் மூன்று. அவ்வளவுதான் அறிமுகம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு எழுதும் ஆசை வந்தது. 'பனித்துளியின் பயணம்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். அவளுக்கும் பனித்துளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. மழை, பிரிவு, ஜன்னலோரம், மறுபடியும் மழை என்று வாரம் இரண்டு பதிவு போட்டாள். முதல் வாசகர் அவள் கணவர். வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. வேலை முடிந்து வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, போனைத் தூரத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"நல்லா இருக்கும்மா."

"என்னங்க நல்லா இருக்கு?"

"மழை நல்லா பெஞ்சிருக்கு."

எல்லாருடைய வலைப்பூக்களையும் ஒரே இடத்தில் கோத்துக் காட்டும் தளம் ஒன்று உண்டு. பதிவர்கள் அதைத் திரட்டி என்பார்கள். அதன் வலது ஓரத்தில் 'இன்று அதிகம் படித்தவை' என்று பத்துப் பதிவுகளின் பட்டியல் ஓடும். அந்தப் பத்துக்குள் ஒரே ஒரு நாள் தன் பெயர் வந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மற்றவர்கள் பதிவுக்குப் போய்ப் பின்னூட்டம் போட்டால் அவர்களும் நம் பக்கம் வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பதிவுகளில் 'அருமை' போட்டாள். ஒருவர் தன் மாமா இறந்துபோனதை எழுதியிருந்தார். வேகத்தில் அதற்கும் 'அருமை' போட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் அவள் பதிவைப் படித்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு தடவை பார்த்தது அவள், ஒரு தடவை மேஸ்திரி.

'அரைக்கால் சட்டை' என்ற பெயரில் எழுதும் ஒரு பதிவர் பைக்கிலிருந்து விழுந்து மேல்வரிசைப் பல் முழுதும் இழந்துவிட்டார். வெளியே தலைகாட்டவே வெட்கமாக இருக்கிறது, பல்செட்டு எப்படிச் செய்வார்கள், பேசினால் கழன்று விழுமா என்று பயந்துபோய் எழுதியிருந்தார். அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், யோசிக்காமல், மளமளவென்று பதில் அடித்தாள். அச்சு எப்படி எடுப்பார்கள், முதல் பத்து நாள் ஏன் உமிழ்நீர் ஊறும், கண்ணாடி முன்னால் நின்று எந்தெந்தச் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும், எல்லாம் எழுதினாள். 'பயப்படாதீர்கள், உங்கள் பல்லை எங்கேயோ ஒருத்தி நகத்தால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவாள்' என்று முடித்தாள்.

அந்தப் பின்னூட்டத்துக்கு மட்டும் இருபத்தேழு பதில் வந்தது. 'பனித்துளி அக்கா, இதையெல்லாம் ஏன் இத்தனை நாள் எழுதவில்லை?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

மழை நின்றது. அவள் பல்லைப் பற்றி எழுத ஆரம்பித்தாள். நூறு பேர் வந்தார்கள், இருநூறு பேர் வந்தார்கள். ஒரு நாள், மீட்டர்காரர் கதையை எழுதினாள்.

மீட்டர்காரர் என்பது அவளாக வைத்த பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் பல்செட்டுக்காக மருத்துவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நேராக லேப் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். அப்படி யாரும் வந்ததே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். அவர் மனைவி, இளம் வயதில். சிரிக்கிறாள், முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து.

"இந்தச் சந்தை அடைச்சிடாதீங்கம்மா" என்றார். "மீட்டர் பாக்கப் போன வீட்டுல இவ கதவைத் திறந்து சிரிச்சா. அந்தச் சந்தைப் பாத்துட்டு, பக்கத்து வீட்டு ரீடிங்கை இவங்க பேர்லயும் இவங்க ரீடிங்கைப் பக்கத்து வீட்டுப் பேர்லயும் எழுதிட்டேன். ரெண்டு வீட்டுக்காரங்களும் ஆபீசுக்கு வந்து என்னைக் கிழிச்சிட்டாங்க. மன்னிப்புக் கேக்கத்தான் மறுபடி போனேன். அப்படியே கல்யாணத்துல முடிஞ்சது."

அவள் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்து அளந்து, சந்தை அப்படியே வைத்து அடுக்கினாள். அதை எழுதிய பதிவு காலையில் ஏறியது. மதியம் திரட்டியின் பத்தில் ஆறாவது. சாயங்காலம் முதலாவது. நானூறு பின்னூட்டம். 'அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன்' என்று ஒருவர். மேஸ்திரி வேலைக்குப் போன இடத்தில் யாரோ அந்தப் பதிவைப் படித்துக் காட்ட, "அது எங்க வீட்டம்மாதான் எழுதினது" என்று சொல்லி, சிமெண்டுக் கையோடு எல்லாரிடமும் கைகுலுக்கிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னூட்டங்களைப் பார்த்தாள். கடைசியாக வந்தது இது:

'இந்தப் பல் என் வாயில்தான் இருக்கிறது. தங்கை மகள் அனுப்பி, பெரியம்மா இது பெரியப்பா கதை மாதிரியே இருக்கிறதே என்றாள். பத்து வயதிலிருந்து இந்தச் சந்துக்காகக் கேலி வாங்கியவள் நான். வாசல் திறந்து கிடக்கிறது என்பார்கள். கையால் மூடிக்கொண்டே சிரித்துப் பழகிவிட்டேன். பல்லெல்லாம் போனபோது எனக்கு இருந்த ஒரே சந்தோஷம், இனிமேல் வரிசையான பல் வரும் என்பதுதான். மெழுகுப் பல்லை வைத்துப் பார்த்தபோதே கண்ணாடியில் சந்து தெரிந்தது. மருத்துவருக்குத் தெரியாததா, நம் தாடைக்கு இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன். நானூறு பேர் படித்து அழுதிருக்கிறீர்கள். நல்லது. என்னை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.'

சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அவள் பதிவை எடுத்துவிட்டாள். நானூறு பின்னூட்டமும் ஒரே தட்டில் போயின. மன்னிப்புக் கேட்டு அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள்.

வீட்டில் சொன்னபோது மேஸ்திரி தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் போற வீட்டுல எல்லாம் வீட்டுக்காரர்தான் முன்னாடி நின்னு கலர் சொல்லுவாரு. சரி சரின்னு கேட்டுக்குவேன். அப்புறம் அந்தம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, சமையக்கட்டுக்கு என்ன போடட்டும்னு கேப்பேன். அங்க நிக்கப்போறது அவங்கதானே."

"இதை ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ டைல்ஸா போடற?"

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு ஒரு பெண்மணி கைப்பையை அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். இவள், வந்தவளின் முகத்தைப் பார்க்கும் முன் வாயைத்தான் பார்த்தாள். தொழில் பழக்கம். வலது கோரைப்பல்லின் நுனியைத் தான் மழுக்கிவிட்டது வரைக்கும் அடையாளம் தெரிந்தது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வேலை ஒருவர் முகத்துக்குள் இருப்பதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"பனித்துளின்னதும் ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்த அம்மா.

"மன்னிச்சிடுங்கம்மா. பதிவை எடுத்துட்டேன்."

"பாத்தேன். யாரு எடுக்கச் சொன்னது?"

"நீங்க கோவமா எழுதியிருந்தீங்களே."

"கோவம்தான். அதுக்காக? தங்கச்சிக்கு அனுப்பலாம்னு தேடினா காணோம். என்னைக் கேலி பண்ணினதுல அவதான் முதல் ஆளு. படிக்கட்டுமேன்னு பாத்தேன்."

இவள் நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டாள். அந்த அம்மா உட்கார்ந்து, மேசையில் வரிசையாக இருந்த அச்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா அந்த மனுஷன் என் பல்லைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. நல்லா இருக்குன்னும் சொன்னதில்ல, நல்லா இல்லேன்னும் சொன்னதில்ல. முன்பின் தெரியாத உங்ககிட்ட வந்து எல்லாத்தையும் கொட்டியிருக்காரு. படிச்சிட்டு, 'இது நீங்களா?'ன்னு கேட்டேன். காதெல்லாம் சிவந்துபோச்சு. 'ஆமா'ன்னாரு. அதுக்கு மேல வாயைத் திறக்கல."

"அவரு சொன்னதை மட்டும் கேட்டுட்டுச் செஞ்சிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்." இவள் கொஞ்சம் தயங்கினாள். "இப்ப கேக்கறேன். உங்களுக்கு எப்படிம்மா வேணும்?"

அந்த அம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இதென்ன வம்பு. கேக்கலையேன்னு எழுதிட்டேன். கேட்டா பதில் வரமாட்டேங்குது."

இவள் அவசரப்படுத்தவில்லை. அந்த அம்மாவின் பழைய அச்சைத் தேடி எடுத்து, தாடைபோலத் திறந்து மூடும் இரும்புச் சட்டத்தில் பொருத்தினாள். மெழுகில் முன்பற்களை முதலில் சந்தோடு வைத்துக் காட்டினாள். பிறகு விளக்கில் கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, இரண்டையும் நெருக்கி வைத்துக் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அடைச்சிடுங்க" என்றாள், ரகசியம் போல. உடனே, "அவரு மனசு கஷ்டப்படுமோ?"

"பல்லு உங்களுதும்மா."

"அதுவும் சரிதான்" என்று எழுந்தாள். படியிறங்கித் தெருவில் கைப்பையை வீசிக்கொண்டு போனது ஜன்னலில் தெரிந்தது.

புதுச் செட்டைப் பொருத்தும் நாளில் இவளும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அங்கே போயிருந்தாள். மீட்டர்காரர் சுவரோரம் நின்றார். சந்தை அடைத்த செய்தி அவருக்குத் தெரியும். இவளைப் பார்த்ததும் தப்புச் செய்தவர்போல வணக்கம் சொன்னார். மருத்துவர் பல்லை மாட்டி, கடிக்கச் சொல்லி, கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு விலகினார். அந்த அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். சிரித்துப் பார்த்தாள். கை தானாக வாய்ப்பக்கம் போயிற்று, பாதி வழியில் நின்றது, மடியில் இறங்கிற்று.

"எப்படி இருக்கு?" என்று கணவரைக் கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"யாரோ மாதிரி இருக்கேனா?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்சம்."

"பழகிடும்."

"பழகிடும் பழகிடும்" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார்.

அந்த அம்மா நாற்காலியிலேயே திரும்பி, "டாக்டர், அந்தப் பழசை என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"நீங்களே வெச்சுக்கலாம்மா. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு ஆகும்."

"உடையறதுக்கு இல்ல." அதைத் தானே டப்பாவில் வைத்து மூடி, கணவரின் கையில் கொடுத்தாள். "வாரம் முழுக்க என் இஷ்டம். ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுக்கறேன். அன்னிக்கு வீட்டுல நாம ரெண்டு பேருதானே. ஆனா ஒண்ணு, வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லணும். என்கிட்ட சொல்லணும்."

அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். 

"நல்லா இருக்கும்" என்றார். "அப்பவும் நல்லாத்தான் இருந்தது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மருத்துவர் ஏதோ எடுக்கப் போவதுபோல வெளியே போனார். இவளும் அவர் பின்னாலேயே போய்விட்டாள்.

பதிவு மறுபடியும் ஏறியது. இந்தத் தடவை அந்த அம்மாவின் பக்கத்தையும் சேர்த்து எழுதி, முதலில் அவளிடம் படித்துக் காட்டினாள். 'மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன்னு எழுதாதீங்க, கிழவி மாதிரி இருக்கு' என்ற ஒரே திருத்தத்தோடு அனுமதி கிடைத்தது. திரட்டியில் ஏழாவது இடம் வரைக்கும் போய், மறுநாள் பட்டியலிலிருந்தே இறங்கிவிட்டது. முப்பத்தெட்டுப் பின்னூட்டம்தான். அதில் ஒன்று: 'அக்கா, உன் போட்டோவை நானும் எடுத்துப் பார்த்தேன். நீ சிரிச்சா எல்லாரும் உன்னையே பார்ப்பாங்க. அந்தப் பொறாமையிலதான் சொன்னேன்.' பெயர் போடவில்லை. யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று இவள் இன்றைக்கும் காலையில் எழுந்ததும் பார்க்கிறாள். பத்துக்குள் வந்தால் மேஸ்திரியை எழுப்பிக் காட்டுகிறாள். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி, புதன்கிழமைகளில் மெழுகுப் பல் வைத்துப் பார்க்கும் நேரத்துக்குப் போய்விடுகிறாள். போன வாரம் ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார், வாட்டசாட்டமான ஆள். உங்களுக்கு எப்படி வேணும் என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார்.

"எப்படின்னா? பல்லு மாதிரி இருந்தாச் சரி."

"சும்மா யோசிச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.