நடுவில் நின்ற குமிழி

என் தங்கை பிரகதீஸ்வரி ஆறு வருடமாகக் கல்லூரியில் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். கறம்பக்குடியில் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தவர்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை.

அவள் செய்தது ஒரு தகடு. கண்ணுக்குத் தெரியாத குழிகள் போட்டு, அதில் தேங்காய் எண்ணெயை ஊறவைத்திருந்தாள். தொட்டித் தண்ணீருக்குள் அதைச் சரிவாக வைத்து அடியில் காற்றுக் குமிழியை விட்டால், ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு மேல்முனைக்குப் போகும். மீன் குளத்தில் வேண்டிய மூலைக்குக் காற்றை அனுப்பலாம் என்பாள். அன்று அவளுக்கு வைவா, ஆய்வை நேரில் விளக்கும் தேர்வு. தேர்வு நடத்தச் சென்னையிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் முன்னால் செய்து காட்டினால்தான் டாக்டர் பட்டம்.

விருந்தாளிக்கு வியர்க்கக் கூடாதென்று அட்டெண்டர் மரியசெல்வம் காலை ஆறு மணிக்கே ஆய்வுக்கூடத்து ஏசியைப் போட்டுவிட்டார். பத்து மணிக்கு நான் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரகதீஸ்வரி குமிழியை விட்டாள். பாதித் தூரம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. இன்னொன்று விட்டாள். அதுவும் நின்றது. எக்ஸ்டர்னல் பேனாவை மூடினார்.

அவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். மார்கழியில் எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் இருப்பதுபோலத் தகடு வெளுத்திருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"எண்ணெ ஒறஞ்சு போச்சு. அக்கா, அந்த பிளாஸ்க்க இங்கிட்டுக் குடு."

அவள் தொண்டைக்காக நான் கொண்டுபோன வெந்நீர். மெல்ல ஊற்றினாள். வெண்மை கரைந்தது, நின்ற குமிழிகள் இரண்டும் மேலே வழுக்கி ஓடின. பிறகு யாரும் கேட்காமலே ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றி, தகடு மறுபடி வெளுக்கும்வரை காத்திருந்து, புதிதாக ஒரு குமிழியை விட்டாள். நிற்கும் என்றாள். நின்றது.

எக்ஸ்டர்னல் எழுந்து தொட்டியருகே வந்துவிட்டார். நினைத்தபோது ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்பது ஆய்வேட்டில் இல்லையே, முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லடி என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்லீங்க சார். இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மரியசெல்வம் பதறிப்போய் ஏசியை அணைக்க ஓடினார். எக்ஸ்டர்னல் தடுத்தார்.

"இருக்கட்டுங்க. இன்னொரு தடவ பாக்கணும்."

பட்டம் கிடைத்தது. சிரித்த வாய்களெல்லாம் இப்போது டாக்டரம்மா என்கின்றன. எனக்குப் பெருமைதான். ஆனால் அதைவிடப் பெரிய பெருமை அந்த 'இல்லீங்க சார்'. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.