இருதயம்மாள் வாங்கிய பங்கு

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் நான் ரைட்டர். வேலைக்கு வந்த ஆள்பேர் எழுதுவேன், மனு எழுதிக் கொடுப்பேன், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். இந்தக் கதையில் யோக்கியன் நானில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தெட்டில் கோயமுத்தூரிலிருந்து பழனிச்சாமி என்று ஒருவர் வந்தார். டெலிவிஷன் பெட்டி செய்யப்போகும் ஒரு கம்பெனிக்குப் பணம் திரட்டுகிறவர். எங்கள் லயத்தில் கரண்டே கிடையாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

"இன்னும் பத்தே வருசமுங்க. ஊட்டுக்கு ஊடு பெட்டி. அப்பறம் கம்பியில்லாத டெலிபோனு, சட்டப்பையில போட்டுக்கலாமுங்க. இன்னைக்கு நம்பிப் பங்கு வாங்குறவங்க நாளைக்கு ராசாங்க!"

மனிதர் தமிழ்ப்பற்றாளர். 'ஷேர்' என்று சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. நாங்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள். எங்களுக்குப் பங்கு என்றால் ஒரே அர்த்தம்தான்: சொந்தக் கோயில், அதிலேயே குடியிருக்கும் சாமியார். எங்களுக்கு வாய்த்ததோ சிலுவை ஒன்றுக்குத் தகரக் கூரை போட்ட ஒரு குருசடி. மாதம் ஒரு பூசை, அதுவும் சாமியாருக்கு ஜீப் கிடைத்தால்.

காய் பறிக்கும் இருதயம்மாள் முன்னால் வந்தாள். போன மழையில் அவள் புருஷன் சுவக்கீன் இழுத்துக்கொண்டு கிடந்தான். சாகக் கிடப்பவனுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டிய சாமியார், அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். அந்த ஆறாத மனசோடுதான் கேட்டாள்.

"பங்கு வாங்கிட்டா, சாமியார் இங்கனயே இருப்பாராய்யா?"

"சாமியாரென்னங்க, ரோமாபுரிப் பூசையே உங்க ஊட்டுக்குள்ள வருமுங்க!" என்றார் பழனிச்சாமி. அவர் சொன்னது பெட்டியை.

எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் அவர் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டினார். முள்ளே கிடையாது. கறுப்புக் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் நேரம் சிவப்பு எண்களாக எரிந்தது. "நம்ம லோக்கல் ஏஜெண்டுக்குங்க" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இருதயம்மாள் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காதில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டாள். தபாலில் வந்த பங்குப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக் குருசடியில் மாட்டி, தினமும் மெழுகுதிரி ஏற்றினாள். லயமே அதன் முன்னால் முழங்காலில் நின்றது. கோயமுத்தூரில் எந்த முதலாளிக்கும் இப்படிப்பட்ட பங்குதாரர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

மறு வருஷம் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்களாம். ஒரு பெட்டிகூடச் செய்யவில்லை. வாசித்துச் சொன்னேன். பங்குக்கு இன்னொரு அர்த்தம் இருப்பதையும் அன்றுதான் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இது ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமாய்யா?"

"தெரியும்."

கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். அது நின்று நாலு மாதமாயிற்று. அதற்கான பேட்டரி மதுரையிலும் கிடைக்கவில்லை. ஆனாலும் கௌரவத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இருதயம்மாள் பொத்தானை அமுக்கினாள். திரும்பவும் அமுக்கினாள். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது.

"இதுவும் பத்து வருசம் கழிச்சுத்தான் எரியுமாய்யா?"