மச்சினன் பிடித்த கயிறு

முத்துக்குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் நின்று பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தானாக இருக்கவேண்டும். தூத்துக்குடிக் கடற்கரையில் அதுதான் வழக்கம். அடியில் மூச்சு முடிகிறபோது குளிக்கிறவன் கயிற்றைச் சுண்டுவான், மேலே நிற்பவன் அந்தக் கணமே தூக்கவேண்டும். அடுத்தவன் பிடித்தால் கண்ணயர்ந்துவிடலாம். கூடப்பிறந்தவளின் தாலியல்லவா கடலுக்குள் கிடக்கிறது, மச்சினன் அயரமாட்டான்.

1958 முத்துக்குளிப்பில் பால்துரை இந்த வழக்கத்தை மீறப் பார்த்தான். எல்லாம் இரண்டு வளையலால் வந்த வினை. மச்சினன் சந்தக்குருஸ் துறைமுகத்தில் மூட்டை சுமந்து அக்காள் ஹில்டாவுக்குச் செய்துபோட்ட வளையல்கள் அவை. பால்துரை அவற்றை விற்றுத் தோணிக்குப் புதுப்பாய் வாங்கிவிட்டான். ஒரு ஞானஸ்நான விருந்தில் சந்தக்குருஸ் அதை எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"ஏளா, ஒன் தம்பி பிடிக்குற கயிறு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பால்துரை வேம்பாரிலிருந்து ஓர் ஆளை அமர்த்தினான். அந்த ஆள் கயிறு பிடித்தபடியே தூங்குகிறவன் என்று பேர் வாங்கியவன். ஹில்டா புருஷனிடம் கெஞ்சினாள், தம்பியிடம் கெஞ்சினாள். வீம்பில் இரண்டும் ஒரே அச்சு.

குளிப்புக்குக் கிளம்பும் காலையில் அவள் கரைக்கு வந்தாள். அத்தனை பேரும் பார்க்கத் தாலியைக் கழற்றித் தம்பி கையில் வைத்தாள்.

"கண்டவன் கயிறு பிடிச்சு இது போறதுக்கு, ஒன் கையிலேயே இருக்கட்டும்லே. அறுக்கணும்னா நீயே அறுத்துக்க."

பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். பால்துரைக்கு முகம் செத்துவிட்டது. வேம்பார்க்காரன் தானாகவே தோணியைவிட்டு இறங்கினான்.

கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டுமே! சந்தக்குருஸ் தாலியைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு தோணியில் ஏறினான். பக்கத்துத் தோணிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சட்டை செய்யவில்லை.

நடுக்கடலில் நங்கூரம் போட்டதும் பால்துரை முதல் முழுக்குப் போட்டான். அடியில் சிப்பி குவிந்து கிடந்தது. ஆசையாக அள்ளினான். கூடை பாதிகூட நிறையவில்லை, கயிறு அவனை விருட்டென்று மேலே இழுத்துவிட்டது.

தண்ணீருக்கு வெளியே தலை வந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேச்சு இல்லை என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஏலே, நான் கயித்தச் சுண்டுததுக்கு முன்னால எதுக்குலே தூக்குன? எனக்கு இன்னும் மூச்சு இருந்துச்சுல்லா!"

சந்தக்குருஸ் தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து காற்றை வாங்கினான்.

"ஒமக்கு இருந்துச்சு அத்தான். எனக்கு முடிஞ்சுபோச்சே."