சிவப்புச் சைக்கிளில் அக்காவின் பெயர்

சோகமோசோ என்ற மலையூரின் மேட்டில் யார் சைக்கிள் மிதித்து ஏறினாலும் சனம் ரோட்டோரம் நின்று உற்சாகப்படுத்தும். எடில்மாவையும் உற்சாகப்படுத்தியது. என்ன, "விடாத அசுசேனா" என்று கத்தியது. மூச்சு முட்ட மிதிப்பவள் ஒருத்தி, பெயர் இன்னொருத்திக்கு. சைக்கிளின் மேல்கம்பியில் அக்காவின் பெயர் வெள்ளை ஸ்டிக்கராக ஒட்டியிருந்ததுதான் காரணம்.

அசுசேனா ஆறு பதக்கம் வாங்கியவள். பிள்ளை பிறந்ததும் பந்தயத்தை விட்டுவிட்டு, சைக்கிளைத் தங்கைக்கே கொடுத்துவிட்டாள். "என் பேரை உரிச்சுட்டு உன் பேரை ஒட்டிக்கடி. பெயிண்ட்ல மட்டும் கீறல் விழாம பாத்துக்க" என்றும் சொன்னாள். அந்தத் தாராளம்தான் எடில்மாவுக்கு வயிற்றெரிச்சல். அழகு, பதக்கம், புருஷன் எல்லாம் போதாதென்று நல்ல மனசும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சனிக்கிழமை காலையில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தியைத் தொடவில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்து வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மிச்சப் பிசினைச் சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் துடைத்தாள். ஒரு கீறல் இல்லை.

பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

எட்டு வருட மலை வெயிலில் கம்பி முழுக்க வெளுத்திருக்க, எழுத்து மூடியிருந்த இடத்தில் மட்டும் அசல் சிவப்பு. மெழுகு போட்டுத் தேய்த்தாள். இன்னும் பளிச்சென்று ஆனது. தன் பெயரை மேலே ஒட்டிப் பார்த்தாள். இரண்டு பெயரும் ஒன்றோடொன்று சிக்கி, ஒன்றையும் படிக்க முடியவில்லை. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு உப்புத்தாளை எடுத்தாள். பெயிண்ட் போனால் போகட்டும்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. கம்பியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வெள்ளையை மட்டும் எடுத்துட்டு என் பேரை விட்டு வச்சிருக்கியே. அழிக்க மனசு வரலையாடி?"

எடில்மா உப்புத்தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "வரலக்கா."

"நாளைக்கு மேட்டுல நம்ம தெருவையே கூட்டிட்டு வந்து நிக்கிறேன். எல்லாரையும் என் பேரைச் சொல்லியே கத்தச் சொல்றேன். சந்தோஷந்தானே?"

"சந்தோஷம்" என்றாள் எடில்மா. அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். எடில்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதையும் அக்கா பாசம் என்றே எடுத்துக்கொண்டாள்.