குரோமியத் தொட்டி

செஞ்சிக்கு வெளியே திண்டிவனம் சாலையில் விநாயகத்தின் முலாம் பூசும் ஷெட் இருந்தது. பைக் சைலன்சர்களும் கட்டில் கால்களும் அங்கே துருவோடு வந்து கண்ணாடியாய் மின்னிக்கொண்டு திரும்பின. பதினான்கு வருஷமாக நெடுமாறன்தான் அங்கே மேஸ்திரி.

குரோமியத் தொட்டியில் கரண்ட் ஏறியதும் மஞ்சள் ஆவி கிளம்பும். அதை வெளியே தள்ளச் சுவரில் பெரிய விசிறி ஒன்று உண்டு. கரண்ட் பில் ஏறுகிறதென்று முதலாளி சொன்னபின் அதை நிறுத்திவைப்பது நெடுமாறனின் பொறுப்பாயிற்று. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வருஷத்தில் மூக்குக்குள் புண் வரும், ரெண்டு வருஷத்தில் நடுத்தண்டில் ஓட்டை விழும். தன் ஊரான வல்லத்திலிருந்து அவனே கூட்டிவந்த கோவிந்தசாமி மூக்கில் ரத்தம் வழிய நின்றபோது, நெடுமாறன் எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"ஓட்டை விழுந்தாத்தான்டா நீ இந்த ஷெட்டு ஆளு!"

போன ஐப்பசியில் அவனுக்கே இருமலில் ரத்தம் வந்தது. மனைவி ஷோபனா அவனைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நுரையீரலில் புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது என்றார்கள்.

"பீடி, சிகரெட்?" என்று கேட்டாள் இளம் டாக்டர்.

"தொட்டதே இல்லம்மா."

அவள் டார்ச்சடித்து அவன் மூக்கைப் பார்த்தாள். வேலையைப் பற்றி விசாரித்தாள். "அந்த ஆவியில இருக்கிற குரோமியம் மூச்சோட உள்ள போய் நுரையீரல் செல்லைச் சேதப்படுத்தும். அப்படிக் கெட்ட செல் ஒண்ணு கட்டுப்பாடில்லாம பெருக ஆரம்பிச்சா அதான் கேன்சர். வருஷக்கணக்கா வெளியே தெரியாது. விசிறி, மாஸ்க் எதுவும் இல்லையா?"



டாக்டரின் சீட்டை வைத்து ஷோபனா நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று ஷெட்டில் விசிறி சுழன்றது, எல்லார் முகத்திலும் புது மாஸ்க். நெடுமாறன் தினம் ரெண்டு கட்டு பீடி குடிப்பான் என்று எழுதி ஷெட்டு ஆட்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து கோவிந்தசாமியுடையது.

கேட் அருகே நெடுமாறன் அவன் சட்டையைப் பிடித்தான். பிடியில் பலமில்லை.

"இன்னாடா எழுதிக் குடுத்த? நான் பீடி குடிச்சி நீ பார்த்தியா?"

"நீதான்ணா என்னை இங்க இட்டாந்த," கோவிந்தசாமி அந்தக் கையை மெல்ல விலக்கினான். "எனக்கு ரத்தம் வந்தப்ப இன்னா சொன்ன? ஓட்டை விழுந்தாத்தான் ஷெட்டு ஆளுன்னு சிரிச்ச. மொதலாளி என்னை மேஸ்திரி ஆக்கிட்டாரு. நீ எப்படியும் போகப் போற. நாங்க இங்கதான் இருக்கணும்."

விநாயகம் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். "நெடுமாறா, வெயில்ல நிக்காத. ஒடம்புக்கு ஆகாது," என்றார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நோய்க்குக் காரணம் புகைப்பழக்கமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. ஆபீசிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஷோபனா அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வல்லம் நெருங்கும்போது அவன் காதருகே குனிந்தாள்.

"ஆறு பேரு பொய் சொல்லுவாங்களா? ஷெட்டுக்குள்ள எனக்குத் தெரியாம பீடி குடிச்சியா? இப்பவாவது சொல்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்குவதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு முன்படிக்குப் போய்விட்டாள்.