திங்கட்கிழமை கலங்கரை விளக்கம்

ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு சிற்றூரில் கல்பனா சாமைக் காட்டையும் ஆடுகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் பிரகாஷ் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி. திங்கட்கிழமை மட்டும் அவனுக்கு விடுப்பு. அன்று சாயங்காலம் அவள் சிக்னல் கிடைக்கும் மேட்டில் போய் நிற்பாள். அன்றைக்குப் பார்த்த இடத்தைப் பற்றி அவன் போனில் சொல்வான். மெரினா மணல் காலைச் சுட்டது, அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்பு வீட்டைவிட நீளம் என்பான். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் காற்று ஆளையே தள்ளும் என்று பலமுறை சொல்லியிருக்கிறான்.

அறுப்பு முடிந்ததும், ஆடுகளைப் பக்கத்து வீட்டு வசந்தியிடம் விட்டுவிட்டு அவளே புறப்பட்டு, ஒரு திங்கட்கிழமை காலை சென்னையில் போய் இறங்கினாள்.

"லைட் ஹவுஸ் மட்டும் காட்டுங்க, போதும்" என்றாள் பிரகாஷிடம்.

இருவரும் போனபோது அதன் கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் சுண்டல் விற்றவள், "திங்கக்கெழமன்னா என்னிக்குமே தொறக்க மாட்டாங்கம்மா" என்றாள்.

கல்பனா அவனைப் பார்த்தாள். அவன் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நீங்க ஏறுனது?"

"ஏறல. எதையுமே பாக்கல. லீவுல துணி தொவச்சுட்டு ரூம்ல படுத்துனு இருப்பேன். வாசல் கேட்டாண்ட வர்றவங்க பேசிக்கிறதத்தான் உங்கிட்ட சொன்னேன்" என்றான்.

"இன்னாத்துக்கு?"

"நீ ஆசையா கேட்ட. தனியா போய் இன்னா பாக்கறது?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. இவனைச் சுற்றியாவது ஊர் நிறைய ஆட்கள் இருக்கிறார்களே என்று பொறாமைப்பட்ட சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன.

"வாங்க, கடலையாவது பாக்கலாம்."

அவனுக்கும் அதுதான் முதல் தடவை. பேண்ட்டை மடித்துவிடாமல் இறங்கி முழங்கால்வரை நனைந்தான். அவள் சிரித்தாள். கொஞ்சம் கழித்து அவனும் சிரித்தான். மறுநாள் அவனுக்கு வேலை. பொழுது சாய்வதற்குள் அவளைப் பேருந்து ஏற்றிவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது.

"இன்னா பண்ணீங்க?"

"தூங்குனேன். நீ?"

"ஆட்டுக்குத் தழ ஒடச்சுப் போட்டேன்."

அதற்கு மேல் இருவரிடமும் சொல்ல ஒன்றுமில்லை. முன்பெல்லாம் சார்ஜ் தீரும்வரை பேசுவார்கள்.

"ஞாயித்துக்கெழம லீவு கேட்டு ஒரு தபா ஏறிப் பாருங்க" என்றாள்.

"நீ வா, சேந்து போலாம்."

இப்போதைக்கு நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். "சரி" என்றாள். அவன் போனை வைக்கவில்லை. அவன் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுவதைக் கேட்டபடி அவளும் நின்றிருந்தாள்.